சைக்கிளுக்கும் சாலை வரியும் லைசென்சும் வேண்டுமா? மணிக்கட்டு முறிந்த ஒருவனின் கேள்வி

மாடக்குளத்தான் (மதுரை)

மூன்று வாரமாக வலது கையில் மாவுக்கட்டு. இடது கையால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்று இரவு எட்டரை மணி இருக்கும். இருசக்கர மோட்டார் வண்டியில் போய்க்கொண்டிருந்தேன். கோச்சடைப் பக்கம் ஒரு வளைவு. அங்கே தெருவிளக்கு எரிந்து பல நாள் ஆகிறது. என் பக்கத்திலேயே எதிர்த்திசையில் ஒரு சைக்கிள் வந்தது. முன்னால் விளக்கு இல்லை. பத்தடி தூரத்தில்தான் ஆள் வருவதே தெரிந்தது. பிரேக் பிடித்தேன், மணலில் வண்டி சறுக்கியது, விழுந்தேன். அவர்மேல் படவில்லை, அந்த மட்டும் நிம்மதி. சட்டையெல்லாம் சிமென்ட், கேரியரில் கரண்டியும் மட்டப்பலகையும். கொத்தனார். அவர்தான் என்னைத் தூக்கி உட்காரவைத்து, ஆட்டோ பிடித்து, மருத்துவமனை வரை கூட வந்தார். ‘சார், என் தப்புதான்’ என்று கைகூப்பிச் சொன்னார். அன்றைய கூலியில் மிச்சம் இருந்த இருநூறு ரூபாயை எடுத்து நீட்டினார். நான் வாங்கவில்லை.

செலவு இருபத்தெட்டாயிரம். காப்பீட்டு முகவரிடம் கேட்டேன். ‘எதிரே வந்தது மோட்டார் வண்டி என்றால் அதன் மூன்றாம் நபர் காப்பீட்டில் வழக்குப் போடலாம். சைக்கிள் என்றால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?’ என்றார். என் பாலிசியில் இருக்கும் தனிநபர் விபத்துப் பாதுகாப்பு உயிர் போனாலோ நிரந்தர ஊனம் ஆனாலோதான் கைகொடுக்குமாம்.

95,000 ரூபாய் வண்டிக்குப் பத்து சதவீதம் வாழ்நாள் வரி கட்டினேன். லைசென்ஸ் எடுத்தேன், காப்பீடு, புகைச் சான்று எல்லாம் வைத்திருக்கிறேன். அதே சாலையில் ஓடும் சைக்கிளுக்கு இவற்றில் ஒன்றுகூட வேண்டாம் என்பது நியாயமா? வருடத்துக்கு ஒரு சிறு தொகை, ஓர் அடையாள எண், அடிப்படை விதிகளில் ஒரு தேர்வு. இவ்வளவு கேட்பது தவறா? அந்தக் கொத்தனார்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை.

---

வரிகட்டுபவன் (சென்னை)

உங்கள் கேள்வி முழுக்க நியாயம். நான் ஒரு படி மேலே போகிறேன்.

சென்ற ஆண்டு 14 லட்சத்துக்குக் கார் வாங்கினேன். 2023 நவம்பரில் உயர்த்திய விகிதப்படி 18 சதவீதம், அதாவது 2,52,000 ரூபாய் சாலை வரி. ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சத்துக்குள் என்றால் 13, இருபது லட்சத்தைத் தாண்டினால் 20. இவ்வளவும் கட்டிவிட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிற்றுக்கிழமை காலை போகிறேன். இருபது பேர் அணிவகுத்துப் பாதிச் சாலையை அடைத்துக்கொண்டு சைக்கிள் ஓட்டுகிறார்கள். கொத்தனார்கள் அல்லர். அவர்கள் சைக்கிள் ஒவ்வொன்றும் ஒரு லட்சம், ஒன்றரை லட்சம். எண்பதாயிரம் ரூபாய் ஸ்கூட்டரில் மீன் கூடை கட்டிப் போகிற அம்மாள் எட்டாயிரம் வரி கட்டுகிறார். ஒன்றரை லட்ச ரூபாய் சைக்கிளுக்கு வரி இல்லை. இதற்கு யாராவது பதில் சொல்லுங்கள். சாலை என்ன வானத்திலிருந்தா விழுந்தது? பணம் போட்டவனுக்கு உரிமை, பயன்படுத்துகிறவனுக்குக் கடமை. அவ்வளவுதான் என் வாதம்.

---

ஜல்லியும் தாரும்

முப்பது வருடம் சாலை போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.

சாலை எதனால் தேய்கிறது? அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை தனியாகச் சாலைகள் அமைத்து, லாரிகளை இரவும் பகலும் ஓட்டிச் சோதித்துப் பார்த்தார்கள். இன்றும் தார்ச்சாலைக் கணக்குகளுக்கு அதுதான் அடித்தளம். அதில் தெரியவந்த உண்மை: ஓர் அச்சின் எடை இரண்டு மடங்கானால் சாலைக்கு வரும் சேதம் இரண்டு மடங்கு ஆவதில்லை, ஏறத்தாழ பதினாறு மடங்கு ஆகிறது. எடையின் நான்காம் அடுக்கு.

இப்போது கணக்கைப் போடுங்கள். ஆளும் சைக்கிளும் சேர்ந்து நூறு கிலோ, சக்கரத்துக்கு ஐம்பது. சிறிய கார் ஆயிரம் கிலோ, அச்சுக்கு ஐந்நூறு. எடை பத்து மடங்கு, சேதம் பத்தாயிரம் மடங்கு. எட்டு லட்ச ரூபாய் காருக்குச் சாலை வரி 1,04,000 ரூபாய். தேய்மானத்துக்கு ஏற்ற வரி என்றால் சைக்கிள்காரர் தம் வாழ்நாள் முழுவதற்கும் கட்ட வேண்டியது பத்து ரூபாய் நாற்பது காசு. ரசீது அடிக்கிற காகிதத்துக்கே அது காணாது.

இது தோராயமான விதி. எல்லா மண்ணுக்கும் எல்லாத் தட்பவெப்பத்துக்கும் அப்படியே பொருந்தாது. ஆனால் காரைக்கூட நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை என்பதை மட்டும் நம்புங்கள். சாலையின் கனத்தை முடிவு செய்யும்போது லாரி, பஸ் ஆகியவற்றைத்தான் எண்ணுவோம். நான்கு டயர் உள்ள ஓர் அச்சுக்கு 10.2 டன்னாக இருந்த வரம்பை 2018இல் 11.5 டன்னாக உயர்த்தினார்கள். அதற்கு மேலும் இருபது சதவீதம் பாரம் ஏற்றினால் சேதம் இரு மடங்கு.

நம் ஊரில் சாலையைக் கொல்வது இன்னொன்று, தண்ணீர். வடிகால் இல்லாத சாலையில் ஒரு மழைக்காலம் போதும். பிறகு கேபிளுக்கும் பாதாளச் சாக்கடைக்கும் தோண்டிவிட்டு, மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போகிறார்கள். அந்தப் பள்ளத்தைத் திமிசு போட்டு இறுக்காமல் மேலே தாரை ஊற்றினால் ஆறு மாதத்தில் அமுங்கும். நான் போட்ட சாலையை நான்காம் நாள் வெட்டியதை நின்று பார்த்திருக்கிறேன். அந்த வேதனையைச் சொல்லி மாளாது.

---

பழைய நகராட்சிக்காரன்

இந்தத் தலைப்பைப் பார்த்ததும் கை நடுங்கியது. சைக்கிள் வரி புதிய யோசனை அன்று. நான் வசூலித்திருக்கிறேன்.

1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்தில் வண்டிகளுக்கும் விலங்குகளுக்கும் வரி என்று ஓர் இனம் இருந்தது. சைக்கிளும் அந்த வண்டிக் கணக்கில்தான் வந்தது. வருடத்துக்குச் சில ரூபாய். கட்டினால் ஒரு தகர வில்லை தருவோம். ஊர்ப் பெயரும் வருடமும் அச்சிட்டிருக்கும். வருடத்துக்கு வருடம் வடிவம் மாறும், தூரத்திலிருந்தே பழைய வில்லையைக் கண்டுபிடிக்க அதுதான் வழி. அதைக் கைப்பிடிக்குக் கீழே கம்பியால் கட்டிக்கொள்வார்கள்.

வருடப் பிறப்புக்குப் பின் ஒரு மாதம் கழித்து நாங்கள் நாலு பேர் கடைத்தெரு முனையில் நிற்போம். எங்களைப் பார்த்ததும் தூரத்திலேயே இறங்கிச் சந்துக்குள் தள்ளிக்கொண்டு போவார்கள். அகப்பட்டவர் சைக்கிளை அலுவலகத்துக்குத் தள்ளிவந்து வைத்துவிட வேண்டும். யார் அகப்படுவார்? கடை முதலாளிகள் ஆள் விட்டு முன்பே கட்டிவிடுவார்கள். அகப்படுகிறவர் பால்காரர், தபால்காரர், உப்பு வியாபாரி, தறிக்குப் போகிறவர். ஒரு பால்காரரின் சைக்கிளைப் பிடித்துவைத்தோம். கேன்களோடு. பணம் புரட்டிக்கொண்டு அவர் வந்தபோது உச்சி வெயில். பால் திரிந்துவிட்டது. எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது, சட்டப்படிதான் செய்தேன். ஆனாலும் அந்த மனிதர் ஒன்றும் பேசாமல் கேனைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டுப் போன காட்சி ஐம்பது வருடமாக என்னை விடவில்லை.

வசூலான தொகையில் எங்கள் சம்பளம், வில்லை அடித்த செலவு, பதிவேடு, ரசீதுப் புத்தகம் போக என்ன மிஞ்சியது என்று கணக்குப் பார்த்தவர்கள்தான் அந்த வரியைக் கைவிட்டார்கள். மிஞ்சியது மிகக் குறைவு. பொறியாளர் ஐயா போட்ட பத்து ரூபாய் நாற்பது காசுக் கணக்கை நாங்கள் தெருவில் நின்று கற்றுக்கொண்டோம்.

---

டெலிவரித் தம்பி (கோவை)

பெரியவர் சொன்னதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது. ஆனால் என் பக்கத்தையும் கேளுங்கள். என்னைப் போல மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுபோகிறவனும் பணக்காரன் இல்லை. நாளுக்கு நூற்று இருபது கிலோமீட்டர் ஓட்டுகிறேன். வாழ்நாள் வரி, காப்பீடு, பெட்ரோல், பெட்ரோலுக்குள் இருக்கும் வரி எல்லாம் என் கையிலிருந்து போகிறது. சிக்னலில் நான் நின்றால் கேமரா இருக்கிறது, நம்பர் பலகை இருக்கிறது, அபராதம் வீட்டுக்கு வருகிறது. சைக்கிள்காரர் சிவப்பு விழுந்த பின்னும் குறுக்கே போகிறார். அவருக்காக நான் திடீரென்று பிரேக் அடித்தால் பின்னால் வருகிறவன் என்மேல் ஏறுவான். பணத்தை விடுங்கள், விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டாமா?

---

பொருநைக்கரை (வழக்கறிஞர், நெல்லை)

சட்டத்தை மட்டும் சொல்கிறேன். எது நியாயம் என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

ஒன்று, சைக்கிளுக்கு வரி விதிக்க மாநிலத்துக்கு அதிகாரம் இருக்கிறது. அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 57ஆம் இனம், இயந்திரத்தால் ஓடினாலும் ஓடாவிட்டாலும் சாலைக்கு ஏற்ற வண்டிகளுக்கு வரி என்றே சொல்கிறது. ஆகவே ‘முடியாது’ என்று யாரும் சொல்ல முடியாது. அரசு வேண்டாம் என்று விட்டுவைத்திருக்கிறது, அவ்வளவே.

அடுத்தது சென்னை நண்பருக்கு. ‘பணம் போட்டவனுக்கு உரிமை’ என்றீர்கள். நீங்கள் கட்டிய 2,52,000 ரூபாய் ‘சாலைப் பெட்டி’ என்று எழுதிய எந்தப் பெட்டிக்கும் போகவில்லை. அரசமைப்பின் 266ஆம் பிரிவின்படி அது மாநிலத்தின் தொகுப்பு நிதிக்குப் போகிறது. அங்கிருந்து ஆசிரியர் சம்பளமும் வரலாம், தடுப்பூசியும் வரலாம், சாலையும் வரலாம். அந்தக் கொத்தனார் சோப்பு வாங்கும்போதும் செருப்பு வாங்கும்போதும் கட்டும் ஜி.எஸ்.டி.யில் மாநிலப் பங்கும் அதே நிதிக்குத்தான் வருகிறது. சைக்கிள் வாங்கும்போதும் கட்டினார். 2025 செப்டம்பர் வரை 12 சதவீதம், இப்போது 5.

1962இல் ராஜஸ்தான் வழக்கில் உச்ச நீதிமன்றம், மோட்டார் வாகன வரியை அரசு சாலை வசதி தருவதற்கு ஈடான கட்டணம் போலப் பார்த்தது. நெடுங்காலம் வழக்கறிஞர்கள் அதைத்தான் மேற்கோள் காட்டினோம். 2016இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, ஜிந்தால் வழக்கில், அந்த ஈட்டு வரிக் கோட்பாட்டையே ஒதுக்கிவைத்துவிட்டது. ஆக, ‘இவ்வளவு கட்டினேன், இவ்வளவு சாலை என்னுடையது’ என்ற வாதத்துக்கு இன்று சட்டத்தில் நிற்க இடம் இல்லை.

தம்பி கேட்ட விதி விஷயம் வேறு. சிவப்பு விளக்கு சைக்கிளுக்கும் சிவப்புதான். அதை நடைமுறைப்படுத்த வரி தேவையில்லை.

---

வரிகட்டுபவன் (சென்னை)

சட்டம் தெரிந்தவர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். பெட்ரோலிலும் டீசலிலும் சாலைக்கென்றே ஒரு மேல்வரி வசூலிக்கிறார்கள். 2000ஆம் ஆண்டு சட்டப்படி மத்திய சாலை நிதி என்று தனியாக ஒன்று இருக்கிறது, 2018 முதல் அதன் பெயர் மத்திய சாலை, உட்கட்டமைப்பு நிதி. அது பெட்டி இல்லையா? அதில் சைக்கிளின் பங்கு எவ்வளவு? சுங்கச்சாவடியில் நான் கட்டுவது எந்தத் தொகுப்பு நிதி?

---

ஜல்லியும் தாரும்

நியாயமான மறுப்பு. எரிபொருள் மேல்வரி தனியாகத்தான் போகிறது, சைக்கிள்காரர் அதில் நேராகக் கட்டுவதில்லை. ஆனால் அந்தப் பணம் பெரும்பாலும் எந்தச் சாலைக்குப் போகிறது? தேசிய நெடுஞ்சாலை, மாநில முக்கியச் சாலை. கோச்சடைத் தெருவைப் போட்டது மாநகராட்சி. அதற்கு வீட்டு வரியும் அரசு மானியமும்தான் ஆதாரம். நம் சைக்கிள்கள் ஓடுவதெல்லாம் பெரும்பாலும் அந்தத் தெருக்களில்தான்.

சுங்கச்சாவடி பற்றி ஒன்று. அங்கே இருசக்கர மோட்டார் வண்டிக்குக் கட்டணம் இல்லை. உங்கள் வாதப்படி, கார் வைத்திருக்கிற நீங்கள் மாடக்குளத்து நண்பரைப் பார்த்தும் ‘நான்குவழிச் சாலையில் உனக்கு என்ன உரிமை’ என்று கேட்க வேண்டும். லாரிக்காரர் உங்களைப் பார்த்துக் கேட்பார். இந்த வரிசை எங்கே போய் முடியும்?

---

ஈஸ்ட்ஹாம்வாசி (லண்டன்)

இங்கே இந்தச் சண்டை தினமும் நடக்கிறது. சைக்கிளில் போகும்போது காரின் கண்ணாடியை இறக்கி ‘நீ சாலை வரி கட்டுகிறாயா?’ என்று என்னைப் பார்த்துக் கத்தியவர்கள் பலர். எனக்கும் கார் இருக்கிறது, வரி கட்டுகிறேன். அதைச் சொல்வதற்குள் போய்விடுவார்கள்.

இதில் வேதனை என்னவென்றால், பிரிட்டனில் ‘சாலை வரி’ என்று ஒன்று இப்போது இல்லவே இல்லை. 1920ஆம் ஆண்டுச் சட்டத்தால் சாலை நிதி என்று ஒன்றை உண்டாக்கினார்கள். வாகனக்காரர் பணம் சாலைக்கே என்பது வாக்குறுதி. 1926இல் நிதியமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் அதிலிருந்து கைவைத்து எடுத்தார். வாகனக்காரர்களுக்குச் சாலைகள்மேல் தனி உரிமை வந்துவிடும் என்ற எண்ணத்தையே அவர் எதிர்த்தார். 1937முதல் வாகனத் தீர்வை பொதுக் கருவூலத்துக்கே போகிறது. பெயரளவில் மிஞ்சியிருந்த நிதியையும் 1955இல் மூடிவிட்டார்கள். ஊர்த் தெருக்களைப் பராமரிப்பது உள்ளாட்சி மன்றம், அதற்கு நான் வீட்டுக்கான கவுன்சில் வரி கட்டுகிறேன். தொண்ணூறு வருடம் ஆகப்போகிறது, ‘சாலை வரி’ என்ற சொல் மட்டும் சாகவில்லை. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு மனிதர்களை ஓரங்கட்டுகிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2025 ஏப்ரல் வரை மின்சாரக் கார்களுக்கு இங்கே அந்தத் தீர்வை பூஜ்யம். ‘நீ வரி கட்டவில்லை, சாலையை விட்டு இறங்கு’ என்று ஒரு மின்சாரக் காரைப் பார்த்து யாரும் கத்தி நான் கேட்டதில்லை.

---

கீரனூர்க்காரி (புதுக்கோட்டை மாவட்டம்)

ஆண்கள் எல்லோரும் கணக்குப் போடுகிறீர்கள். எங்கள் மாவட்டத்துக் கணக்கு ஒன்று இருக்கிறது.

1991, 92இல் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்வதை எழுத்தறிவோடு சேர்த்தே கொண்டுபோனார். ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றுக்கொண்டார்கள். கல்குவாரியில் வேலை செய்தவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், விவசாயக் கூலிகள். என் அம்மா அவர்களில் ஒருவர். வாடகை சைக்கிளில், அதுவும் ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளில், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, நிலா வெளிச்சத்தில் ஏரிக்கரையில் பழகியிருக்கிறார். பகலில் ஊர் கேலி பேசும். அதுவரை தண்ணீருக்குப் போகவும் ஆஸ்பத்திரிக்குப் போகவும் அப்பாவையோ பஸ்சையோ எதிர்பார்த்திருந்தவர், அதன் பிறகு யாரையும் எதிர்பார்க்கவில்லை.

அன்று அந்த ஏரிக்கரையில் ‘லைசென்ஸ் இருக்கிறதா, வில்லை இருக்கிறதா’ என்று ஒருவர் வந்து நின்றிருந்தால் என் அம்மா சைக்கிளைத் தொட்டிருக்கவே மாட்டார். வீட்டில் ஆயிரம் பேர் தடுக்கும்போது, ஒரு காகிதம் கூடுதலாகத் தடுத்தால் போதும்.

நான் ஆசிரியை. எங்கள் பள்ளியில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு விலையில்லா மிதிவண்டி தருகிறது. எட்டுக் கிலோமீட்டர் தொலைவிலிருந்து வருகிற பெண்கள் இருக்கிறார்கள். ஒரு கை கொடுத்து மறு கையால் கட்டணம் வாங்குவதா?

அண்ணா, உங்கள் கை முறிந்தது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆனால் லைசென்ஸ் எதற்கு என்று யோசியுங்கள். ஒரு யந்திரம் பிறரைக் கொல்லும் அளவுக்கு ஆபத்தானது என்பதால்தான் ஓட்டுகிறவரைச் சோதிக்கிறோம். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. அவர்களில் நூற்றுக்கு இருபது பேர் அளவில் நடந்து போனவர்கள். சைக்கிள் மோதியா அவர்கள் இறந்தார்கள்?

---

நல்லூரான் (யாழ்ப்பாணம்)

எங்களிடம் இந்த வரி சட்டப் புத்தகத்தில் இன்னும் இருக்கிறது. 1987ஆம் ஆண்டு பிரதேச சபைச் சட்டத்தில் வாகனங்களுக்கும் விலங்குகளுக்கும் வரி என்று ஓர் அட்டவணை. துவிச்சக்கரவண்டிக்கு, அதாவது சைக்கிளுக்கு, வருடத்துக்கு நான்கு ரூபாய், வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால் பதினெட்டு. அதே அட்டவணையில் குதிரைக்குப் பதினைந்து, யானைக்கு ஐம்பது. நான்கு ரூபாய்க்கு இன்று ஒரு டொஃபிகூட வாங்க முடியாது.

நான் சொல்ல வந்தது வேறு. 1990களில் இங்கே பெற்றோல் வராத காலம். நோயாளியைச் சைக்கிளில் வைத்துத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். விறகு, நெல், சவப்பெட்டிப் பலகை, எல்லாம் சைக்கிளில். 1995 ஒக்டோபர் இறுதியில் ஊரே வெளியேறியபோது ஒரு சைக்கிளில் ஒரு குடும்பத்தின் உடைமை முழுவதும் இருந்தது. நாவற்குழிப் பாலம் தாண்ட ஓர் இரவு முழுக்க எடுத்தது. என் தகப்பனார் மிதிக்கவில்லை, தள்ளிக்கொண்டே நடந்தார், மேலே பாட்டி இருந்தார்.

பிறகு 2022இல் நாடு முழுவதும் எரிபொருள் இல்லாமல் நின்றது. கொழும்பில் கார் வைத்திருந்த என் மைத்துனர் நாட்கணக்கில் வரிசையில் கிடந்துவிட்டு, கடைசியில் சைக்கிள் தேடி அலைந்தார். விலை பல மடங்கு ஏறிவிட்டது. எங்கள் வீட்டுப் பழைய ரலி சைக்கிளைப் பஸ்சில் ஏற்றி அனுப்பிவைத்தோம். ஒரு நாட்டில் எல்லாம் நின்றபோதும் நிற்காமல் ஓடியது சைக்கிள். அதற்குக் கட்டணம் கேட்பதற்கு முன் அதை நினைத்துப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

ஆனால் விளக்கு விஷயத்தில் எனக்கு இரக்கம் இல்லை. விளக்கில்லாமல் வந்தால் பொலிஸ் மறித்துத் தண்டம் எழுதிய காலம் எங்களுக்கு உண்டு. டைனமோ உரசுகிற சத்தம் கேட்டே இன்னார் வருகிறார் என்று ஒழுங்கைக்குள் தெரிந்துவிடும். அந்தப் பழக்கம் திரும்ப வர வேண்டும்.

---

பேர்ன்வாசி (சுவிட்சர்லாந்து)

மாடக்குளத்து நண்பரின் உண்மையான குறை வரி அல்ல, இருபத்தெட்டாயிரம் ரூபாய்க்கு யாரும் பொறுப்பில்லை என்பது. அதற்கு இங்கே ஒரு விடை இருந்தது.

நான் அகதியாக வந்த புதிதில் ஒரு பழைய சைக்கிள் வாங்கினேன். விற்றவர் ‘வின்யெட் ஒட்டாமல் ஓட்டாதே’ என்றார். சிறிய ஒட்டுவில்லை. வருடத்துக்குச் சில பிராங்க். நான் அதை வரி என்றே நினைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அது காப்பீடு. சைக்கிளில் போய் யாரையாவது இடித்துவிட்டால், அவருடைய இழப்பை அந்த ஒட்டுவில்லை ஏற்கும். 2012 தொடக்கத்தில் அதை எடுத்துவிட்டார்கள். பெரும்பாலான வீடுகளில் தனியார் பொறுப்புக் காப்பீடு ஏற்கெனவே இருந்ததால் இரட்டைச் செலவு எதற்கு என்று.

வரியாக வாங்கிய நாடும் உண்டு. ஒல்லாந்தில், அதாவது நெதர்லாந்தில், 1924 முதல் 1941 வரை சைக்கிள் வரி. பித்தளைத் தகடு ஒன்றைச் சைக்கிளில் மாட்ட வேண்டும். வேலையில்லாதவர்களுக்கு இலவசம், ஆனால் அவர்கள் தகட்டில் ஒரு துளை போட்டுத் தருவார்கள். தெருவில் போகிற எல்லோருக்கும் தெரியும், இவர் ஏழை என்று. நகராட்சி ஐயா சொன்ன பால்காரரையும் இந்தத் துளையையும் சேர்த்துப் பாருங்கள். எங்கெல்லாம் சைக்கிளுக்கு வரி வந்ததோ அங்கெல்லாம் அது ஏழையின் கழுத்தில்தான் தொங்கியிருக்கிறது.

---

வரிகட்டுபவன் (சென்னை)

கீரனூர் அம்மையாரின் பதிவை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். விலையில்லா மிதிவண்டிக்கும் கூலித் தொழிலாளியின் சைக்கிளுக்கும் வரி என்பதை விட்டுவிடுகிறேன். அது தவறுதான்.

ஆனால் ஒன்றரை லட்ச ரூபாய் சைக்கிள் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை. அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தில் 2018 முதல் 200 டாலரும் அதற்கு மேலும் விலையுள்ள புதிய சைக்கிளுக்கு 15 டாலர் வரி வாங்குகிறார்கள். இங்கேயும் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட சைக்கிளுக்கு விற்கும் இடத்திலேயே ஒரு தொகை வாங்கி, அதைக் கொண்டே சைக்கிள் பாதை போடலாமே. தெருவில் நிற்க வேண்டாம், வில்லை வேண்டாம், யாருடைய பாலும் திரியாது.

---

ஜல்லியும் தாரும்

இதை நான் எதிர்க்க மாட்டேன். ஆனால் பாதை என்று ஒன்றைப் போட்டு அதில் கார் நிறுத்தாமல் பார்த்துக்கொள்ள முடியுமா என்று முதலில் சொல்லுங்கள். சென்னை மாநகராட்சி 2014இல் நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை என்று கொள்கையே வகுத்தது. நடைபாதைகள் வந்தன, நல்ல வேலை. அதன்மேல் பைக் ஏறுகிறது. ஒரு கார் நிற்கிற இடத்தில் பத்து சைக்கிள் நிற்கும். அந்த இடத்துக்கு யாரும் வாடகை கேட்பதில்லை. தெருவில் இலவசமாகக் கார் நிறுத்துவதும் ஒரு மானியம்தான்.

---

பொருநைக்கரை (வழக்கறிஞர், நெல்லை)

ஐம்பதாயிரம் என்ற வரம்பு வைத்தால் மின்சார உதவி சைக்கிள்களும் அதில் வரும். 250 வாட்டுக்குள், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துக்குள் இருந்தால் அவை மோட்டார் வாகனமே இல்லை, லைசென்ஸ் வேண்டாம். முழங்கால் தேய்ந்த பெரியவர்களும் அதைத்தான் வாங்குகிறார்கள். வரம்பை எங்கே போடுவது என்று யோசித்துச் செய்ய வேண்டும்.

---

மாடக்குளத்தான் (மதுரை)

கட்டுப் பிரித்தாயிற்று. எல்லோருக்கும் இரண்டு கையாலும் எழுதுகிறேன்.

நேற்று மாலை அதே வளைவுக்குப் போனேன். டீக்கடையில் விசாரித்து அந்தக் கொத்தனாரைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் பணம் கேட்க வந்திருக்கிறேன் என்று பயந்துவிட்டார். உட்காரவைத்துப் பேசினேன். விளக்கு ஏன் இல்லை என்று கேட்டேன். டைனமோ இருந்ததாம், பழுதாகிவிட்டதாம், சரிசெய்யக் கொடுத்த கடை மூடிவிட்டதாம். ஏன் எதிர்த்திசையில் வந்தீர்கள் என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னது என்னைச் சிந்திக்க வைத்தது. சாலை நடுவில் தடுப்பு வைத்த பிறகு, அவர் தெருவுக்குத் திரும்ப முக்கால் கிலோமீட்டர் போய் வளைந்து வர வேண்டும். ‘உங்களுக்கு ஒரு நிமிஷம் சார். பத்து மணி நேரம் கல் சுமந்துவிட்டு மிதிக்கிறவனுக்கு அது மலை.’

நான் கேட்ட வருட வரியையும் தேர்வையும் விட்டுவிட்டேன். அவரிடம் வரி வாங்கியிருந்தாலும் அந்த விளக்கு எரிந்திருக்காது, தடுப்பில் ஒரு வழி திறந்திருக்காது. காப்பீடு பற்றிய என் குறை தீரவில்லை. பேர்ன் நண்பர் சொன்னது போன்ற ஒன்று, சைக்கிள் விலையோடு சேர்த்தோ வேறு விதமாகவோ, நம் நாட்டில் வர வேண்டும் என்று இன்னும் நினைக்கிறேன். விளக்கில்லாமல் இரவில் ஓட்டுவது தவறு என்பதிலும் மாறவில்லை.

அந்த வளைவில் அணைந்திருக்கும் இரண்டு தெருவிளக்குக் கம்பங்களின் எண்ணைக் குறித்துக்கொண்டு மாநகராட்சியில் புகார் கொடுத்திருக்கிறேன். கொத்தனாருக்குச் சைக்கிள் கைப்பிடியில் மாட்டுகிற மாதிரி ஒரு பேட்டரி விளக்கு வாங்கித்தந்தால் தப்பாக நினைப்பாரோ என்று தயக்கமாக இருக்கிறது. யாராவது யோசனை சொல்லுங்கள்.

---

பழைய நகராட்சிக்காரன்

தப்பாக நினைக்க மாட்டார். நீங்கள் தருவது போல் இல்லாமல், அவரை ஒரு சின்ன வேலைக்கு வீட்டுக்குக் கூப்பிட்டு, கூலியோடு சேர்த்துக் கொடுங்கள். பேட்டரி விளக்கு என்றால் சார்ஜ் போட மறந்துவிடுவார், ஆகவே கூடவே ஒளி பிரதிபலிக்கும் ஒட்டுநாடாவும் வாங்குங்கள். பின் மட்கார்டில் சிவப்பு ஒட்டுங்கள். இரண்டு பெடலின் முன்னும் பின்னும் மஞ்சள் ஒட்டுங்கள். பெடல் மேலும் கீழும் போகும்போது வெளிச்சம் அசையும், அசைகிறதுதான் தூரத்திலிருந்து கண்ணில் முதலில் படும்.

---

கீரனூர்க்காரி (புதுக்கோட்டை மாவட்டம்)

ஐயா, அந்த ஒட்டுநாடா எந்தக் கடையில் கிடைக்கும், மீட்டர் என்ன விலை வரும் என்று எழுதுங்கள். எங்கள் பள்ளியில் இந்த வருடம் நாற்பத்தொரு மிதிவண்டி வருகிறது.